மஞ்சள் தொப்பிப் பாட்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். இந்தப் பாதையில் இருபது வருடமாகப் போய் வருகிறேன், எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. மதுரைக்கா? நானும் மதுரைதான். நல்லதாகப் போயிற்று.

டிரைவர் போட்டிருக்கிற டேப் வேகமாக ஓடுகிறது, கவனித்தீர்களா? பாடுகிறவர் குரல் நிஜத்தில் இவ்வளவு கீச்சென்று இருக்காது. மோட்டாரில் கோளாறு. டிரைவருக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்லவும் மாட்டேன். கேட்காதவர்களுக்குச் சொல்லப்போய் ஒரு தடவை பட்டது போதும்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் பௌதிகம் படித்தவள். எழுபத்திரண்டாம் வருடம் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் கல்லூரியில் டியூட்டராக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இருபத்தைந்து வயது. வாயே திறக்க மாட்டேன். இப்போது இப்படிப் பேசுகிறாளே என்று பார்க்கிறீர்கள். பஸ்ஸில் பேசுவேன். தெரிந்தவர்களிடம்தான் எனக்குக் கூச்சம்.

ஆசிரியைகள் விடுதியில் அறைக்கு இரண்டு பேர். என்னோடு இருந்தவள் ஜெமிமா. ஜெமிமா தயாவதி, ஆங்கிலத் துறை, சாத்தான்குளம் பக்கத்துக்காரி. நல்ல உயரம், நல்ல குரல். அவள் கொண்டையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் மறுநாள் பாதி வகுப்பு சாய்ந்த கொண்டையோடு வரும். அவள் வராந்தாவில் நடந்தால் பின்னால் பத்துப் பிள்ளைகள் போகும். நான் நடந்தால் காக்கைகூட எழுந்து பறக்காது. பொறாமை என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பொறாமையே கிடையாது. இருந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஜூன் மாதம் அவளுக்குக் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. எங்கள் கல்லூரியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அமெரிக்கப் பேராசிரியை அனுப்பியது. ஜெமிமா அந்த அம்மாளின் செல்ல மாணவி. உள்ளே ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒன்பது இசைத்தட்டுகள். ஒன்பதும் ஒரே ஆளுடைய பாட்டுகள். மெல்வின் ஹார்ட்லி என்று பெயர். அமெரிக்காவில் பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடுவார்கள் இல்லையா, அதற்குப் பாட்டு எழுதி மெட்டும் போடுகிறவர். முதன்முதலில் மேடையில் பாடியவர்களே பாடிய தட்டு ஒன்று, அதே பாட்டுகளை லண்டனில் வேறு ஆட்கள் பாடிய தட்டு ஒன்று, யாரோ ஒரு பாடகி தனியாகப் பாடிய தட்டு ஒன்று, இப்படி ஒன்பது.

பிளேயர் அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. அவர்களுடையது நூற்றுப்பத்து வோல்ட், நம்முடையது இருநூற்று முப்பது. அப்படியே சொருகினால் புகைந்துவிடும். எலக்ட்ரீஷியன் சூசை ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தார். வோல்டேஜ் சரியாயிற்று. தட்டு சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் மின்சாரம் என்றால் வோல்டேஜ் மட்டும் இல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது, அமெரிக்காவில் அறுபது. அந்த மோட்டார் துடிப்புக்குத் தக்கபடி சுற்றுகிற வகை. அங்கே ஆறு சுற்று சுற்றுகிற நேரத்தில் இங்கே ஐந்துதான் சுற்றும். பாட்டு மெதுவாகும், குரல் இறங்கும், பெண் பாடினால் பாதி ஆண்குரலாகக் கேட்கும். டிரான்ஸ்பார்மர் அதை மாற்றாது. பிளேயர் பெட்டியின் முதுகில் இருந்த தகட்டிலேயே அறுபது என்று போட்டிருந்தது. முதல் நாளே பார்த்துவிட்டேன். எனக்குப் பார்க்காமல் இருக்க வராது. மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டாப் கிளாக்கைக் கொண்டுவந்து, அவள் குளிக்கப் போயிருந்தபோது வைத்துப் பார்த்தேன். தட்டின் நடுவில் இரண்டு நிமிடம் முப்பது விநாடி என்று அச்சடித்திருந்த பாட்டு, சரியாக மூன்று நிமிடம் ஓடியது. விநாடி பிசகவில்லை. அவ்வளவு அழகாகக் கணக்கு வந்தால் யாருக்குச் சந்தோஷமாக இருக்காது?

சொல்லலாம் என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவள் தட்டுப் போடுவாள். பன்னிரண்டு பதின்மூன்று பேர் கட்டிலிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். என் கட்டிலிலும்தான். நான் கதவோரம் நின்றுகொண்டு, "ஜெமி, அந்தப் பெட்டியில ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

அவள் ஊசியைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். "ஏட்டி, வடிவு மிஸ் வாயத் தொறந்துட்டாங்க! ஓடுங்கடி, காலண்டர்ல குறிச்சு வைங்க!"

எல்லாம் சிரித்தன. ஒரு பிள்ளை நிஜமாகவே எழுந்து போய், சுவரில் தொங்கிய காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டது.

"சொல்லு வடிவு, என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைங்கறதுக்கா இந்தப் பாடு? சரி, உக்காரு. இடமில்லன்னா மேசை மேல ஏறிக்க. நீ இருக்கறதே தெரியாது."

அவள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். வாய்தான். அந்தக் காலண்டர் வட்டத்தை டிசம்பர்வரை யாரும் அழிக்கவில்லை. மாதம் மாறியதும் அந்தத் தாளைக் கிழித்து, வட்டத்தோடு மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள். தமாஷுக்குத்தான். நான் அதன் கீழே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன்.

அதற்குப் பிறகு ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறீர்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

அந்தப் பாட்டுகள் எப்படி இருந்தன தெரியுமா? ஒரு பாட்டு, ஒரு பெண் மஞ்சள் தொப்பி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சிக்குப் போகிறாள். ராட்டினத்தில் ஏறுகிறாள், ஐஸ்கிரீம் தின்கிறாள், எல்லோரும் தொப்பியைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் எங்கள் அறையில் அது எப்படிக் கேட்டது என்றால், அந்தப் பெண் யாரையோ புதைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் காலை இழுத்துக்கொண்டு வரும். வயலின் எல்லாம் முனகும். ஒரு மத்தியானம் ஜெமிமா அதைப் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். நான் தூங்குவதுபோல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தலையணை நனைந்திருந்தது. வெயில், வியர்வை.

அவளுக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. ஹார்ட்லியின் சொல் சிரிக்கும், இசை அழும் என்றாள். அதுதான் அந்த மனிதனின் மேதைமையாம். உலகம் சந்தோஷம் என்று சொல்கிற ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கிற துக்கத்தை அவர் மெட்டில் ஒளித்துவைத்திருக்கிறாராம். மூன்று தட்டுகளில் மூன்று பேர் பாடியும் அந்தத் துக்கம் மாறவில்லை, ஆகவே அது பாடியவர்களுடையது இல்லை, எழுதியவருடையதே என்று நிரூபித்தாள். எப்படி மாறும்? மூன்றும் அதே பெட்டியில்தானே ஓடின! ஆனால் வாதம் நல்ல வாதம். முப்பது பக்கக் கட்டுரை, டைப் அடித்து, நூல் போட்டுத் தைத்தாள்.

அந்தக் கட்டுரை எதற்கு என்றால், அமெரிக்காவில் ஒரு பெண்கள் கல்லூரி எங்கள் ஆசிரியைகளில் ஒருவரை ஒரு வருடம் அங்கே அழைத்துப் படிக்கவைக்க முன்வந்திருந்தது. யார் என்று தேர்ந்தெடுக்க டிசம்பரில் மிசஸ் கார்வின் என்று ஒரு பெரிய அம்மாள் வருவதாக இருந்தது. ஜெமிமாதான் போவாள் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அவளும் போயே ஆக வேண்டும். அவளுடைய அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவைத்திருந்தார். நாசரேத் பக்கம் தலைமையாசிரியர், மனைவி இறந்தவர், நாற்பத்தொரு வயது, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவின் கடிதத்தை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். அமெரிக்கா கிடைத்தால் போ, ஒரு வருடம் நான் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன். கிடைக்காவிட்டால் பிப்ரவரியில் கல்யாணம்.

"என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"கிடைக்கும்ட்டி. கிடைக்காம எப்படிப் போகும்? எனக்கு ஹார்ட்லி இருக்காரு." சிரித்தாள். பிறகு, "இல்லன்னா அந்த வீட்டுல ரெண்டு பிள்ளைக்குச் சடை பின்னிக்கிட்டு செத்துப் போயிருவேன்" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான்.

நவம்பர் முழுக்க ஒத்திகை. எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தாள். தட்டோடு சேர்ந்து பாடிப் பாடி, அதே இழுவை, அதே தாழ்ந்த குரல். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அடிக்குரல் வராது. வராத குரலை வரவைத்தாள். தொண்டை கட்டிப்போய் ஒரு பிள்ளை பத்து நாள் பேசவில்லை. வெள்ளைச் சேலை, குனிந்த தலை, கையில் மெழுகுவர்த்தி. மஞ்சள் தொப்பிக்கு மெழுகுவர்த்தி! நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. நான் நிற்பது யாருக்கும் தெரியாதே.

மிசஸ் கார்வின் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஜெமிமா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"வடிவு, ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியா?"

"கேளு."

"மத்தவளுக எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாளுக. நீ அப்படி இல்ல. உன் கண்ணுக்குத் தப்பாது. கட்டுரைய நீ படிச்சேல்ல? அதுல ஏதும் கோளாறு தெரியுதா?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். "கட்டுரையில ஒரு கோளாறும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. ஒரு வரி மாத்த வேண்டாம்."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சாதாரணமாக யாரும் என்னைத் தொட மாட்டார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பொய் சொல்லவில்லை. கட்டுரையைப் பற்றித்தான் கேட்டாள். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது.

அந்த நாள் வந்தது. பெரிய ஹாலில் நானூறு பேர். மிசஸ் கார்வின் குண்டான, நல்ல அம்மாள். மல்லிகைப்பூவை வாங்கித் தலையில் சொருகத் தெரியாமல் காதில் சொருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரின்சிபல். ஜெமிமா கட்டுரையின் சுருக்கத்தைப் பேசினாள். சொல் சிரிக்கிறது, இசை அழுகிறது. அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் கேட்டாள். பிறகு எட்டுப் பிள்ளைகளும் மெழுகுவர்த்தியோடு வந்து நின்று மஞ்சள் தொப்பியைப் பாடினார்கள்.

முதல் வரியில் மிசஸ் கார்வின் புன்னகை செய்தாள். இரண்டாவது வரியில் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தாள். அழுகிறாள் என்று ஜெமிமா நினைத்தாள், முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ராட்டினத்துக்கு வந்தபோது அந்த அம்மாளால் முடியவில்லை. தோள் குலுங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள். தொடையில் அடித்துச் சிரித்தாள். விருந்தாளி சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று பிரின்சிபல் சிரித்தார். பிரின்சிபல் சிரித்தால் பிறகு யாரைத் தடுக்க முடியும்? நானூறு பேரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. மேடையில் ஒரு பிள்ளை பாடிக்கொண்டே அழ ஆரம்பித்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மிசஸ் கார்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைதட்டினாள். "அருமை! ஹார்ட்லியை இப்படிக் கேலி செய்து நான் பார்த்ததே இல்லை. முழுநேரமும் முகத்தைச் சிரிக்காமல் வைத்திருந்தாயே, அதுதான் திறமை!"

அங்கேயே முடிந்திருந்தால் தப்பித்திருப்பாள். ஆமாம், கேலிதான் என்று சொல்லியிருந்தால் அமெரிக்கா கிடைத்திருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, சொல்லிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. "இது கேலி இல்லை மேடம். பாட்டே இப்படித்தான்" என்றாள்.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தவில்லை. ஜெமிமா ஓடிப்போய், மேடை ஓரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே ஊசியை வைத்தாள்.

ஹால் முழுக்க அந்த இழுவைக் குரல். ஒரு நிமிடம் இருக்கும். மிசஸ் கார்வினின் சிரிப்பு அடங்கியது. மெதுவாக எழுந்து மேடைக்குப் போய் ஊசியைத் தூக்கினாள். "ஐயோ கண்ணே, உன் பெட்டிக்கு உடம்பு சரியில்லை" என்றாள். அந்தப் பாட்டை அவளே பாடிக் காட்டினாள். காலால் தாளம் போட்டுக்கொண்டு, துள்ளித் துள்ளி, காதில் மல்லிகைப்பூ ஆட. குதிரைக்குட்டி மாதிரி ஓடியது பாட்டு. ஜெமிமா அசையாமல் நின்றாள். கையில் அந்த முப்பது பக்கம்.

"என்ன கோளாறு? யாருக்காவது தெரியுமா?" என்று பிரின்சிபல் ஹாலைப் பார்த்துக் கேட்டார்.

இப்போது கேட்டார்கள் இல்லையா? கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானூறு பேருக்கு முன்னால் பேசினேன். வாய் குழறவில்லை. ஐம்பது, அறுபது, ஆறுக்கு ஐந்து, இரண்டு நிமிடம் முப்பது விநாடி மூன்று நிமிடமானது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். மிசஸ் கார்வின் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு தெளிவான மூளை என்றாள். பெயர் கேட்டாள். சண்முகவடிவு என்றேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் நானே பெட்டியைச் சரிசெய்தேன். மோட்டார் தண்டில் மெல்லிய பிளாஸ்திரியைச் சுற்றித் தடிமனாக்கினால் போதும், தட்டு வேகமாகச் சுற்றும். ஐந்து நிமிட வேலை. ஆய்வுக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்குச் செய்முறையாகவே காட்டினேன். பிளாஸ்திரி இல்லாமல் ஒரு தடவை, பிளாஸ்திரியோடு ஒரு தடவை. அடுத்த அறையில் ஜெமிமாவுக்கு வகுப்பு. சுவர் மெல்லியது. என்ன செய்வது, பாடத்திட்டத்தில் மாறுதிசை மின்னோட்டம் அந்த வாரம்தான் வந்தது.

பிள்ளைகள் பொல்லாதவர்கள். ஜெமிமா வராந்தாவில் வந்தால், எதிரே வருகிறவர்கள் மெதுவாக, காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். குட் மார்னிங்கை அடிக்குரலில் இழுப்பார்கள். அந்தப் பின்னால் போகிற பத்துப் பிள்ளைகள்தான் முதலில் ஆரம்பித்தது. அவள் யாரையும் திட்டவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. அறையில் ரொம்ப அமைதி. எனக்குப் படிக்க வசதியாக இருந்தது.

ஜனவரியில் கடிதம் வந்தது. எனக்குத்தான். பிப்ரவரியில் அவளுக்குக் கல்யாணம்.

நான் போயிருந்தேன். கல்லூரியிலிருந்து போனது நான் ஒருத்திதான், மற்ற யாரும் போகவில்லை. கோயிலில் சடங்கு முடிந்து பந்தலில் மேடை. வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குழந்தைகளும் ஆளுக்கொரு பக்கம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. பரிசைக் கொடுக்கக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, யாருக்கும் கேட்காமல், "வடிவு, உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

கல்யாண நாள். மணப்பெண். அந்த இடத்தில் என்ன சொல்வது?

"அன்னைக்குத்தான் ஜெமி. ஹால்லதான் தோணுச்சு" என்றேன்.

கையை விட்டாள். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, நன்றாகச் சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "இவதாங்க வடிவு. ரெண்டு வருசம் என்கூட ஒரே ரூம்ல இருந்தவ. இவ கண்ணுல படாதது ஒண்ணுமே கிடையாது. ஒரு நா ரெண்டு நா இல்ல, முதல் நாள்லேருந்தே எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பா."

பார்த்தீர்களா? மேடையில், அத்தனை பேருக்கு நடுவில், என்னை எவ்வளவு உயர்த்திப் பேசினாள்! என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தத் தலைமையாசிரியர்கூட எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார்.

அமெரிக்காவிலிருந்து எட்டுக் கடிதம் போட்டேன். திரும்பி வந்தபிறகு இரண்டு. பதில் வரவில்லை. பாவம், அந்த வீட்டில் அவளுக்கு எழுத நேரம் எங்கே கிடைத்திருக்கும்?